பையனை மட்டும் பார்த்தால் போதாது: வாசகர் கேள்வி - பதில்

இளைஞர் நீதி (18 வயதுக்குக் குறைந்தவர்கள் வழக்கில் சிக்கினால் சட்டம் அவர்களைக் கையாளும் முறை) பற்றியும், அந்தத் துறையில் ஆய்வு செய்கிற சமுதாய உளவியலாளர்களின் வேலை பற்றியும் வட சென்னை வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சில இங்கே. இத்துறையில் பழகியவர்கள் சேர்ந்து பதில் எழுதியிருக்கிறோம். சிலர் வீட்டில் வழக்கு நடந்துகொண்டிருப்பதால் யாருடைய பெயரையும் போடவில்லை.

கேள்வி: பி.எஸ்சி. உளவியல் கடைசி வருடம் படிக்கிறேன். இளஞ்சிறார்களைப் பற்றி ஆய்வு செய்ய ஆசை. ‘கம்யூனிட்டி சைக்காலஜி’ படி என்று பேராசிரியர் சொல்கிறார். மனநல ஆலோசகர் வேலையிலிருந்து அது எப்படி வேறுபடுகிறது? (கல்லூரி மாணவி, வியாசர்பாடி)

முதலில் பெயரில் இருக்கும் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். சோஷியல் சைக்காலஜியைச் சமூக உளவியல் என்கிறோம். உங்கள் பேராசிரியர் சொல்வது சமுதாய உளவியல். இரண்டும் வேறு வேறு பாடங்கள். நூலகத்தில் தேடும்போது இதில் பலர் தடுக்கி விழுகிறார்கள்.

கொருக்குப்பேட்டையில் ஒன்பதாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய ஒரு பையன் திருட்டு வழக்கில் சிக்குகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். சிகிச்சை உளவியலாளர் அவன் தூக்கம், கவனம், மனச்சோர்வு, போதைப் பழக்கம் இவற்றையெல்லாம் பார்ப்பார். அது கட்டாயம் வேண்டிய வேலை. சமுதாய உளவியலாளர் அதோடு நிற்க மாட்டார். டி.சி. எப்போது கொடுத்தார்கள், யார் கேட்டு வாங்கினார்கள்? அடுத்த பள்ளி ஏன் சேர்க்கவில்லை? சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் அவன் வயதுப் பையன்கள் எங்கே உட்கார இடம் இருக்கிறது? அதே தெருவில், அதே வருமானத்தில், வழக்கில் சிக்காத பத்துப் பையன்களுக்குக் கிடைத்த எது இவனுக்குக் கிடைக்கவில்லை? இத்தனை கேள்விகளையும் ஒரே ஒரு கேள்விக்காகத்தான் கேட்கிறோம்: இதில் எதை மாற்ற முடியும்?

1965-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்வாம்ஸ்காட் என்ற ஊரில் கூடிய உளவியலாளர்கள் இந்தத் துறைக்கு அடித்தளம் போட்டார்கள். தொடக்கத்திலிருந்தே இளைஞர் நீதி அதன் முக்கியமான களங்களில் ஒன்று. டிக்கன் ரெப்புச்சி என்ற ஆய்வாளரின் பாதையைப் பாருங்கள். 1970-களின் தொடக்கத்தில் யேல் பல்கலைக்கழகத்திலிருந்து கனெக்டிகட் மாநிலத்தின் சிறுவர் சீர்திருத்தப் பள்ளிக்குள் போய், பையன்களைவிட அந்தப் பள்ளியின் நடைமுறைகளையே மாற்றப் பார்த்தார். பிறகு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் பல ஆண்டுகள் இருந்து, போலீஸ் விசாரணையில் சிறுவர்கள் எப்படி நடத்தப்படுகிறார்கள் என்று ஆராய்ந்தார். சிறுவர்களின் மனம் பெரியவர்களின் மனம் போன்றதல்ல என்பது போலீசாருக்குத் தெரிந்தே இருந்தது; ஆனால் விசாரிக்கும்போது பெரியவர்களிடம் கையாளும் அதே உத்திகளைத்தான் கையாண்டார்கள். அவர் குழு கண்டது இது. தெரிவதற்கும் செய்வதற்கும் நடுவில் இருக்கிற அந்த இடைவெளியைத்தான் இந்தத் துறை ஆராய்கிறது.

கேள்வி: எந்தப் படிப்பு, எத்தனை வருடம்? வீட்டு நிலைமை இடம் கொடுக்குமா என்று தெரிய வேண்டும். (பிளஸ் டூ முடித்தவர், தண்டையார்பேட்டை)

இளநிலை 3 ஆண்டு, முதுநிலை 2 ஆண்டு, முனைவர் பட்டத்துக்கு யு.ஜி.சி. விதிப்படி குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 6. மொத்தம் 9, 10 ஆண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். சமுதாய உளவியல் என்ற பெயரிலேயே முதுநிலைப் பட்டம் நம் பக்கம் அரிது. உளவியலில் எம்.எஸ்சி., சமூகப் பணியில் எம்.எஸ்.டபிள்யூ., குற்றவியலில் எம்.ஏ. ஆகிய மூன்று வாசல் வழியாகவும் உள்ளே வரலாம். சென்னைப் பல்கலைக்கழகத்தில் உளவியல், குற்றவியல் இரண்டுக்கும் துறைகள் உண்டு. எழும்பூரில் 1952-ல் தொடங்கிய சமூகப் பணிக் கல்லூரி இருக்கிறது. பேருந்தில் போய்வரும் தூரம்தான்.

எம்.எஸ்.டபிள்யூ.வில் களப்பணி அதிகம். வாரத்தில் சில நாள் ஏதாவது அமைப்பில் நின்று வேலை பார்க்க வேண்டும். உளவியல் முதுநிலையில் அளவீடும் புள்ளியியலும் அதிகம். எதை எடுத்தாலும் மற்றதைத் தனியாகக் கற்றே ஆக வேண்டும். களம் தெரிந்து புள்ளியியல் தெரியாதவரின் ஆய்வை அரசுத் துறைகள் ஒதுக்கிவிடுகின்றன. புள்ளியியல் தெரிந்து களம் தெரியாதவரோ தவறான கேள்விக்குத் துல்லியமான விடை எழுதிக் கொடுத்துவிடுகிறார்.

பணத்துக்கு வழி: யு.ஜி.சி. நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். (ஆய்வு உதவித்தொகை) தகுதி பெற்றால் முதல் 2 ஆண்டு மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000 ரூபாய். வீட்டு வாடகைப் படி தனி. இதற்கு 30 வயது வரம்பு உண்டு. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், பெண்கள் முதலியோருக்குத் தளர்வு உண்டு. முதுநிலை இரண்டாம் ஆண்டிலேயே எழுதிவிடுங்கள். இன்னொன்று: ‘சிகிச்சை உளவியலாளர்’ என்று பலகை மாட்டி வைத்தியம் பார்க்க இந்திய மறுவாழ்வுக் கழகத்தின் பதிவு வேண்டும். ஆய்வாளராக இருப்பதற்கு அது தேவையில்லை.

கேள்வி: பிஎச்.டி. சேர்ந்திருக்கிறேன். கெல்லிஸ் கூர்நோக்கு இல்லத்தில் (வழக்கு நடக்கும்போது சிறுவர்களை வைத்திருக்கும் இல்லம்) இருக்கும் பையன்களைப் பேட்டி காண வேண்டும். அனுமதி எப்படி வாங்குவது? (ஆய்வு மாணவர், பெரம்பூர்)

இல்லத்தின் கதவைத் தட்டுவது கடைசிப் படி. அதையே முதல் படியாக வைத்துக்கொண்டு கண்காணிப்பாளரிடம் நேரே போய் நிற்பதால்தான் பலருக்கு ஒரு வருடம் வீணாகிறது. அவர் நினைத்தாலும் அனுமதி தர முடியாது.

முதலில் உங்கள் நிறுவனத்தின் நெறிமுறைக் குழுவிடம் ஒப்புதல் வாங்குங்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் படி, 18 வயதுக்கு உட்பட்டவர்களிடம் ஆய்வு செய்யப் பெற்றோர் அல்லது சட்டப்படியான காப்பாளரின் சம்மதம் வேண்டும். அதோடு குழந்தையின் இசைவும் வேண்டும். 7 முதல் 12 வயது வரை வாய்மொழி இசைவு, 12-க்கு மேல் எழுத்து இசைவு. கேள்வித்தாள், இசைவுப் படிவம், பேட்டியின்போது பையன் உடைந்துபோனால் யாரிடம் அனுப்புவீர்கள் என்ற திட்டம், குறிப்புகளை எங்கே எத்தனை ஆண்டு வைப்பீர்கள் என்ற விவரம் எல்லாமே தமிழிலும் இருக்க வேண்டும். அடுத்து, இல்லங்களை நடத்துகிற துறையின் இயக்குநருக்கு விண்ணப்பம். சமூகப் பாதுகாப்புத் துறை என்று பலருக்கும் பழகிய துறைதான் அது. மூன்றாவது, சிறுவர் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்துக்குத் தெரிவித்து அனுமதி பெறுதல். இந்த மூன்று தாளும் கையில் இருந்தால்தான் கண்காணிப்பாளரோடு நாள், நேரம், அறை பற்றிப் பேச முடியும். மொத்தத்துக்கும் ஆறு மாதமாவது ஒதுக்குங்கள். அதுவரை சும்மா இருக்க வேண்டாம்; கேள்வித்தாளைத் திருத்தும் வேலை நிறைய இருக்கிறது.

ஏனென்றால் வெளிநாட்டு அளவுகோல்களை மொழிபெயர்க்கும்போது பெரும்பாலும் பாடநூல் தமிழ்தான் வருகிறது. ‘கடந்த இரு வாரங்களில் எரிச்சலுற்றீர்களா’ என்று கேட்டால் பதினைந்து வயதுப் பையன் உங்கள் முகத்தைப் பார்ப்பான். ‘காண்டாகுதா’ என்று கேட்டால் சட்டென்று பேசுவான். தமிழாக்கியதை, மூலத்தைப் பார்த்திராத வேறொருவரிடம் கொடுத்து மறுபடி மூல மொழிக்கு மாற்றச் சொல்லி ஒப்பிடுங்கள். பிறகு எட்டு, பத்துப் பையன்களிடம் ஒவ்வொரு வரியையும் படித்துக் காட்டி, ‘இதுல என்ன கேக்குறாங்க, நீயே சொல்லு’ என்று கேளுங்கள். ‘நான் தனியாக இல்லை’ மாதிரி எதிர்மறை வாக்கியங்களை எடுத்துவிடுங்கள். அதற்கு ஒருவன் ‘ஆமா’ என்றால் தனியாக இருக்கிறேன் என்கிறானா, இல்லை என்கிறானா என்று அவனுக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. பலருக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். ஆகவே படிக்கத் தெரியுமா என்று கேட்டு வெட்கப்பட வைக்காமல், எல்லோருக்கும் நீங்களே வாசித்துவிடுங்கள்.

பேட்டி அறையைப் பொறுத்தவரை, ஊழியர் கண்ணுக்குத் தெரிய வேண்டும், காதுக்குக் கேட்கக் கூடாது. கண்ணாடிக் கதவோ திறந்த வராண்டாவின் மூலையோ போதும். கண்காணிப்பாளர் அறை வேண்டவே வேண்டாம். நாற்பது நிமிடத்துக்கு மேல் இழுக்காதீர்கள். தொடங்கும்போது மூன்று விஷயம் சொல்லுங்கள்: நான் போலீசும் இல்லை, கோர்ட்டும் இல்லை; பேசினால் ஜாமீன் சீக்கிரம் கிடைக்காது, பேசாவிட்டால் தள்ளியும் போகாது; எப்போது வேண்டுமானாலும் எழுந்து போகலாம். சொன்ன பிறகு அவன் வாயாலேயே திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். இரண்டாவதைப் பெரும்பாலும் தப்பாகத்தான் சொல்வார்கள். அது சரியாகும்வரை பேட்டியைத் தொடங்கக் கூடாது.

கேள்வி: இல்லத்தில் இருப்பவர்களை மட்டும் ஆய்வில் சேர்த்தால் போதாதா? வெளியில் தேடுவது கஷ்டமாக இருக்கிறது. (அதே ஆய்வு மாணவர்)

போதாது. ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். மாதம் 10 பேர் இல்லத்துக்கு வந்து 3 நாளில் ஜாமீனில் போய்விடுகிறார்கள். இன்னொரு 10 பேர் வந்து 90 நாள் இருக்கிறார்கள். வருகிறவர்கள் சரிபாதி. ஆனால் நீங்கள் ஏதோ ஒரு நாள் உள்ளே போனால், முதல் வகையில் ஒருவரும் இரண்டாம் வகையில் முப்பது பேரும் இருப்பார்கள். அவர்களைப் பேட்டி கண்டுவிட்டு ‘வழக்கில் சிக்கும் சிறுவர்களுக்குக் குடும்ப ஆதரவு குறைவு’ என்று எழுதினால், நீங்கள் உண்மையில் எழுதுவது ‘ஜாமீன் எடுக்க ஆள் இல்லாதவர்களுக்குக் குடும்ப ஆதரவு குறைவு’ என்பதைத்தான். அது முன்பே தெரிந்த விஷயம். ஆகவே ஒரு குறிப்பிட்ட நாளில் இருப்பவர்களை எடுக்காமல், குறிப்பிட்ட மாதங்களில் குழுமத்தின் முன் வந்த எல்லோரையும் எடுங்கள்.

ஜாமீனில் போனவர்களைப் பின்தொடர்வது சிரமம்தான். செல்போன் எண் மாறும், வீடு மாறும். வட சென்னையிலிருந்து பெரும்பாக்கம், கண்ணகி நகர் என்று குடியமர்த்தப்பட்ட குடும்பங்கள் உண்டு. முதல் சந்திப்பிலேயே மூன்று பேரின் தொடர்பை வாங்குங்கள். அதில் ஒருவர் ஆயாவாகவோ அத்தையாகவோ இருந்தால் நல்லது, அவர்கள் அவ்வளவு சீக்கிரம் இடம் மாறுவதில்லை. ஆய்வின் பெயரில் ‘குற்றம்’, ‘சிறார்’ என்ற சொல்லே இருக்கக் கூடாது. பக்கத்து வீட்டுக்காரர் போனை எடுத்தாலும் ஒன்றும் தெரியாதபடி ‘இளைஞர் வாழ்க்கை ஆய்வு’ என்பது போல வையுங்கள்.

கேள்வி: என் மகனுக்கு 15 வயது. செல்போன் பறித்தான் என்று கேஸ். கெல்லிஸில் ஐந்து நாள் வைத்து ஜாமீனில் விட்டிருக்கிறார்கள். இப்போது ஆராய்ச்சி செய்கிறோம் என்று இரண்டு பேர் வந்து பேச வேண்டும் என்கிறார்கள். பேச விடலாமா? முடியாது என்றால் கேஸுக்குக் கெடுதல் வருமா? (ஒரு தாய், கொடுங்கையூர்)

கெடுதல் வராது அம்மா. ஆய்வுக்கும் கேஸுக்கும் சம்பந்தமே இல்லை. முடியாது என்று ஒரே வார்த்தையில் சொல்லலாம். காரணம் சொல்ல வேண்டிய அவசியம்கூட இல்லை. நீங்கள் சரி என்று சொல்லி மகன் வேண்டாம் என்றால் அவன் சொல்வதுதான் முடிவு.

பேச விடலாம் என்று தோன்றினால் முதலில் அவர்களிடம் இவற்றைக் கேளுங்கள். எந்தக் கல்லூரி, அடையாள அட்டை எங்கே, நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் கடிதம் எங்கே? பதிவு செய்வீர்களா, அந்தக் குரலை எப்போது அழிப்பீர்கள்? தமிழில் எழுதிய தாளில் ஒரு பிரதியை எங்களிடம் கொடுப்பீர்களா? இதற்கெல்லாம் முகம் சுளிக்கிறவர்களை வாசலோடு அனுப்பிவிடுங்கள். நல்ல ஆய்வாளர் நீங்கள் கேட்பதற்கு முன்பே எல்லாவற்றையும் எடுத்து வைத்திருப்பார்.

அடுத்து சொல்வது மிகவும் முக்கியம். கேஸ் முடியாத நேரத்தில், ‘அன்றைக்கு என்ன நடந்தது, கூட யார் யார் இருந்தார்கள்’ என்று யார் கேட்டாலும் மகன் பதில் சொல்லக் கூடாது. வக்கீலிடம் பேசுவதற்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. ஆய்வாளரிடம் பேசுவதற்கு அப்படி ஒரு பாதுகாப்பு நம் நாட்டில் இல்லை. அவர் நோட்டைக் கொண்டுவா என்று நீதிமன்றம் கேட்டால் அவரால் மறுக்க முடியாது. விவரம் தெரிந்த ஆய்வாளர் அந்தக் கேள்வியையே கேட்க மாட்டார். பள்ளி, வீடு, நண்பர்கள், தெரு, இல்லத்தில் நடத்திய விதம் இவற்றைப் பற்றித்தான் கேட்பார். அதற்கே நிறைய இருக்கிறது.

நன்னடத்தை அலுவலர் வேறு. அவரை ஆய்வாளரோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். பையனை முதன்முதலாகக் குழுமத்தின் முன் நிறுத்திய நாளிலிருந்து 15 நாளுக்குள் அவர் வீட்டைப் பற்றி, படிப்பைப் பற்றி விசாரித்து அறிக்கை கொடுக்க வேண்டும். அவர் வந்தால் கட்டாயம் பேசுங்கள். பள்ளிச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், ஏதாவது மருத்துவச் சீட்டு, விளையாட்டில் வாங்கிய சான்று என எல்லாவற்றையும் காட்டுங்கள். அந்த அறிக்கையில் ‘குடும்பக் கட்டுப்பாடு இல்லை’ என்று ஒரு வரி விழுந்தால் அது கடைசிவரை தொடரும். நீங்கள் காலையில் வேலைக்குப் போய் இரவு வருகிறீர்கள் என்றால், நடுவில் யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள்.

உங்கள் மகனுக்கு 16 முடியவில்லை. ஆகவே பெரியவர்களைப் போல விசாரிக்கும் பேச்சே எழாது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 304-வது பிரிவில், அதாவது ‘பறிப்பு’ என்று மட்டும் பதிவாகியிருந்தால், அதற்கு அதிகபட்சத் தண்டனையே 3 ஆண்டுதான். இளைஞர் நீதிச் சட்டம் அதைச் சிறு குற்றம் என்கிறது. முதன்முதலாகக் குழுமத்தின் முன் நிறுத்தியதிலிருந்து 4 மாதத்தில் விசாரணை முடிய வேண்டும். காரணம் எழுதி இன்னும் 2 மாதம் நீட்டலாம். அதற்குள்ளும் முடியாவிட்டால் சிறு குற்ற வழக்கை அதோடு முடித்துவிட வேண்டும். வழிப்பறி என்று பதிவாகியிருந்தால் இந்தக் கடைசிச் சலுகை கிடையாது. எந்தப் பிரிவு என்று வக்கீலிடம் இன்றே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வக்கீல் இல்லையென்றால் 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். குழந்தைகளுக்குச் சட்ட உதவி இலவசம். அதற்கு வருமானச் சான்று கேட்கக் கூடாது.

வாய்தா தேதியைத் தவறவிடாதீர்கள். அன்றைக்குக் கூலி போகும், உண்மைதான். ஆனால் இரண்டு தேதி தவறினால் பையனை மறுபடி உள்ளே அனுப்பும் நிலை வரலாம். பள்ளிக்கூடத்தில் ‘கேஸ் இருக்கிறது, டி.சி. வாங்கிக்கொள்ளுங்கள்’ என்றால் வாங்காதீர்கள். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிடம் எழுத்தில் புகார் கொடுங்கள்; 1098-லும் சொல்லலாம். குழுமம் முடித்துவைத்த வழக்கால் படிப்புக்கோ வேலைக்கோ எந்தத் தகுதியிழப்பும் வரக் கூடாது என்று சட்டத்தின் 24-வது பிரிவு சொல்கிறது. இதை மகனிடமும் சொல்லுங்கள். ‘இனிமே என்ன இருக்கு’ என்று நினைத்துப் படிப்பை விடுகிற பையன்கள் நிறைய.

கேள்வி: பேட்டியின்போது பையன் வேறொரு விஷயத்தைச் சொல்லிவிட்டால்? ரகசியம் காப்போம் என்று வாக்கு கொடுத்திருக்கிறோமே. (எம்.எஸ்.டபிள்யூ. மாணவி, திருவொற்றியூர்)

எல்லாவற்றையும் ரகசியமாக வைப்போம் என்று வாக்குக் கொடுத்ததே தவறு. போக்சோ சட்டத்தின் 19-வது பிரிவுப்படி, குழந்தை மீது பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தால் யாராக இருந்தாலும் போலீசுக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காவிட்டால் 6 மாதம்வரை சிறை. பெரியவர் ஒருவர் பையனைத் துன்புறுத்தியது மட்டுமல்ல இதில் அடங்குவது. 17 வயதுப் பையன் 16 வயதுப் பெண்ணைக் காதலித்துச் சேர்ந்திருந்தான் என்று வெகுளியாகச் சொன்னாலும் இதே பிரிவு வந்து நிற்கும். அப்படிப் பேசியதால் அவன் மீது புது வழக்கு வந்தால் அதற்கு உங்கள் கேள்விதான் காரணம். ஆகவே பேட்டிக்கு முன்பே, ‘உனக்கோ வேறு குழந்தைக்கோ இப்படி ஏதாவது நடந்ததாகச் சொன்னால் நான் வெளியில் சொல்லியாக வேண்டும், நீ சாகணும்னு நினைச்சாலும் சொல்லியாகணும்’ என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். ஆய்வுக்குத் தேவையில்லாமல் காதல், உறவு பற்றிக் கேட்காதீர்கள்.

எழுதும்போது இன்னொரு ஆபத்து இருக்கிறது. இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-வது பிரிவு, குழந்தையை அடையாளம் காட்டும் எதையும் வெளியிடக் கூடாது என்கிறது. மீறினால் 6 மாதம்வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். பெயரை மாற்றினால் போதும் என்று நினைக்கிறார்கள். ‘காசிமேடு, 16 வயது, மீன் வெட்டும் தாய், விபத்தில் கால் இழந்த அண்ணன்’ என்று எழுதினால் பெயர் எதற்கு? அந்தத் தெருவே கண்டுபிடித்துவிடும். ஊரை ‘வட சென்னை’ என்று மட்டும் எழுதுங்கள். வயதை ‘15-17’ என்று எழுதுங்கள். குடும்ப விவரத்தில் வாதத்துக்குத் தேவையானதை மட்டும் வையுங்கள். பெயரையும் எண்ணையும் இணைக்கும் பட்டியலை வேறு இடத்தில் பூட்டி வையுங்கள், செல்போனில் வைக்காதீர்கள். ‘கைது’, ‘குற்றவாளி’, ‘குற்றப்பத்திரிகை’ போன்ற சொற்களைக் குழந்தைகள் விஷயத்தில் தவிர்க்கவும் சட்டமே சொல்கிறது.

கேள்வி: எங்கள் பள்ளியில் ஏழெட்டு மாணவர்கள் மாவா, கஞ்சா, சண்டை என்று போகிறார்கள். ஒரு நாள் புழல் சிறைக்கு அழைத்துப்போய்க் காட்டினால் பயந்து திருந்துவார்கள் என்று சிலர் சொல்கிறார்கள். நல்ல யோசனையா? (ஆசிரியர், வண்ணாரப்பேட்டை)

வேண்டாம் ஐயா. உங்கள் அக்கறை புரிகிறது. ஆனால் இதை அமெரிக்காவில் பல ஆண்டுகள் செய்து பார்த்துவிட்டார்கள். சிறைக்கு அழைத்துப்போய் மிரட்டிய சிறுவர்களையும் அழைத்துப்போகாதவர்களையும் குலுக்கல் முறையில் பிரித்து ஒப்பிட்ட ஆய்வுகளைத் தொகுத்தபோது, அழைத்துப்போனவர்களே பின்னால் அதிகம் வழக்கில் சிக்கியது தெரிந்தது.

ஏழெட்டுப் பேரையும் ஒன்றாக உட்காரவைத்து வாராவாரம் அறிவுரை சொல்வதும் ஆபத்துதான். 1939-ல் மாசசூசெட்ஸில் தொடங்கிய கேம்பிரிட்ஜ்-சாமர்வில் ஆய்வில், சிறுவர்களுக்கு ஆலோசகர், வீட்டுக்கு வந்து உதவி, கோடை முகாம் என்று ஏறத்தாழ 5 ஆண்டு எல்லாம் கிடைத்தது. ஜோன் மெக்கார்ட் என்ற ஆய்வாளர் 30 ஆண்டு கழித்து அவர்களைத் தேடிப் பார்த்து 1978-ல் எழுதினார்: உதவி பெற்றவர்கள், பெறாதவர்களைவிடப் பல வகையில் மோசமான நிலையில் இருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் ‘அது எனக்கு உதவியது’ என்றே சொன்னார்கள் என்பதையும் கவனியுங்கள். பயன்பெற்றவரின் பாராட்டை மட்டும் வைத்து ஒரு திட்டத்தை எடைபோட முடியாது. பின்னால் வந்த ஆய்வில், முகாமுக்குத் திரும்பத் திரும்பப் போனவர்களுக்கே கெடுதல் அதிகம் என்று தெரிந்தது. ஒத்த வயதுப் பையன்கள் ஒன்றாக இருக்கையில், ஒருவன் தன் வீரதீரத்தைச் சொல்ல மற்றவர்கள் சிரித்து மெச்சுகிற அந்தச் சில நொடிகள், பெரியவரின் ஒரு மணி நேரப் பேச்சைவிட ஆழமாகப் பதிந்துவிடுகின்றன.

பலன் தந்த ஒன்றைச் சொல்கிறோம். மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் வில்லியம் டேவிட்சன் என்ற சமுதாய உளவியலாளர் 1976-ல் தொடங்கிய திட்டம். பயிற்சி பெற்ற ஒரு கல்லூரி மாணவர், ஒரே ஒரு சிறுவன். வாரம் 6 முதல் 8 மணி நேரம், 18 வாரம். சந்திப்பு வீட்டிலும் பள்ளியிலும் தெருவிலும்தான்; அலுவலகத்தில் அல்ல. அந்த மாணவர் அறிவுரை சொல்வதில்லை. பள்ளியில் மறுபடி சேர்க்க யாரிடம் என்ன கேட்பது, வேலைக்கு எப்படி விண்ணப்பிப்பது, வீட்டில் ஒப்பந்தம் எப்படிப் போடுவது என்று கூடவே நின்று செய்து காட்டுவார். கடைசி வாரங்களில் விலகி நின்று பையனையே செய்ய விடுவார். வழக்கமான நீதிமன்ற நடைமுறைக்குப் போனவர்களைவிட இவர்கள் மறுபடி வழக்கில் சிக்கியது குறைவு.

உங்கள் பள்ளியில் இதைச் சின்ன அளவில் செய்யலாம். ஏழு பேரையும் பிரித்து, ஒழுங்காக நடக்கிற பெரிய குழுக்களுக்குள் ஒவ்வொருவராகச் சேர்த்துவிடுங்கள். கேரம், குத்துச்சண்டை, கால்பந்து மூன்றுக்கும் வட சென்னையில் பயிற்சியாளர்களுக்குக் குறைவில்லை; வியாசர்பாடி கால்பந்தின் பெயர் ஊர் தாண்டித் தெரியும். இருபது நல்ல ஆட்டக்காரர்கள் நடுவில் ஒருவன் இருக்கட்டும். எல்லாச் ‘சேட்டைக்காரர்களுக்கும்’ தனி அணி அமைப்பதுதான் தவறு.

கேள்வி: கொடூரக் குற்றத்தில் 16 வயதுப் பையனைப் பெரியவனாக விசாரிக்கலாமா என்று உளவியலாளர் அறிக்கை கொடுக்கிறாரே, அதை எப்படிப் படிப்பது? (இளம் வழக்கறிஞர், ராயபுரம்)

அது 2015 இளைஞர் நீதிச் சட்டத்தின் 15-வது பிரிவில் வருவது. 16 முடிந்தவர், குறைந்தபட்சத் தண்டனையே 7 ஆண்டு உள்ள குற்றம் என்ற இரண்டும் இருந்தால்தான் இந்த மதிப்பீடு. 3 மாதத்தில் முடிக்க வேண்டும். குறைந்தபட்சம் எதுவும் சொல்லாத பிரிவு என்றால், அதிகபட்சம் எவ்வளவு இருந்தாலும் இதற்குள் வராது என்று 2020-ல் ஷில்பா மிட்டல் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2022 ஜூலையில் இன்னொரு தீர்ப்பில், குழுமத்தில் குழந்தை உளவியலோ மனநல மருத்துவமோ படித்தவர் இல்லையென்றால் நிபுணர் உதவியைப் பெறுவது கட்டாயம் என்றது. முதலில் இவற்றைச் சரிபாருங்கள்.

பிறகு அறிக்கைக்குள் போங்கள். எத்தனை முறை, எவ்வளவு நேரம் சந்தித்தார்? ஒரே சந்திப்பில் எழுதியதா? வெறும் அறிவுத்திறன் எண்ணை வைத்து ‘விளைவை உணரும் திறன் உண்டு’ என்று எழுதியிருந்தால் அது பலவீனமான முடிவு. லாரன்ஸ் ஸ்டைன்பர்க் போன்ற உளவியலாளர்களின் ஆய்வுகள் காட்டுவது இது: அமைதியாக உட்கார்ந்து யோசிக்கும் திறன் 16 வயதுவாக்கில் பெரியவர்களுக்குச் சமமாகிறது, ஆனால் நண்பர்கள் சூழ, கோபத்திலோ பரபரப்பிலோ தன்னை அடக்கும் திறன் இருபதுகள்வரை வளர்ந்துகொண்டிருக்கிறது. அமைதியான அறையில் அளந்ததை வைத்து நள்ளிரவுத் தெருச் சண்டையைப் பற்றிச் சொல்ல முடியாது. ‘வருத்தம் தெரிவிக்கவில்லை’ என்ற வரி இருந்தால் கட்டாயம் எதிர்த்துப் பேசுங்கள். இது விசாரணை அல்ல என்று சட்டமே சொல்கிறது; குற்றம் நிரூபணமாகாதபோது எதற்கு வருத்தம்?

கேள்வி: இந்தப் படிப்பை முடித்தால் வேலை எங்கே? (வாசகர், எம்.கே.பி. நகர்)

பல்கலைக்கழக ஆசிரியர் பணி சிலருக்குத்தான். டி.என்.பி.எஸ்.சி. குரூப் 2 வழியாக நன்னடத்தை அலுவலர் ஆகலாம். மிஷன் வாத்சல்யா என்ற மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்தில் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுகளில் ஆற்றுப்படுத்துநர், சமூகப் பணியாளர் இடங்கள் உண்டு. எல்லாம் ஒப்பந்தப் பணி, சம்பளம் குறைவு, ஆட்கள் அடிக்கடி மாறுவதற்கு அதுவே காரணம். பெங்களூரு நிமான்ஸ் மனநல நிறுவனத்தில் 2020-ல் தொடங்கிய சம்வாத் போன்ற அமைப்புகள் பயிற்சியும் ஆய்வும் நடத்துகின்றன. இளைஞர் நீதிக் குழுமத்தில் மாஜிஸ்திரேட்டுடன் இரண்டு சமூகப் பணியாளர்கள் அமர்கிறார்கள், ஒருவராவது பெண். குழந்தைகளின் உடல்நலம், கல்வி, நலப் பணிகளில் 7 ஆண்டு தீவிரமாக ஈடுபட்டவரோ, குழந்தை உளவியல், மனநல மருத்துவம், சமூகவியல், சட்டம் இவற்றில் பட்டம் பெற்றுத் தொழில் செய்பவரோ விண்ணப்பிக்கலாம். ஆய்வு தெரிந்தவர்கள் அந்த நாற்காலிக்கு வர வேண்டும் என்பது எங்கள் ஆசை. ‘சில்ட்ரன் ஆக்ட்’ என்ற பெயரில் இந்தியாவில் முதலில் குழந்தைகள் சட்டம் போட்டது 1920-ல் நம் சென்னை மாகாணம்தான்.

ஆய்வு முடிந்ததும் ஒரு வேலை பாக்கி இருக்கும். பலர் அதைச் செய்வதில்லை. ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டுப் போகாமல், கண்டதை இரண்டு பக்கத் தமிழில் எழுதி, பேட்டி எடுத்த தெருவுக்கே கொண்டுபோய் வாசியுங்கள். வட சென்னையில் பேட்டி கொடுத்துக் களைத்துப்போன தெருக்கள் நிறைய. வந்து கேட்டவர்கள் யாரும் திரும்பி வரவில்லை என்பது அங்கே பொதுவான குறை. படிக்கும்போது ‘இது தப்பு, அப்படி இல்லை’ என்று யாராவது ஒரு பெண்மணி எழுந்து சொல்வார். அதைக் குறித்துக்கொண்டு அறிக்கையைத் திருத்துங்கள். அதற்குப் பிறகு துறைக்கு அனுப்புங்கள்.